நாற்பத்தொரு டொலர் கட்சர்

அத்தியாயம் 14

ஒரு வீட்டில் பிள்ளை கோபித்துக்கொண்டு போனால் சனம் என்ன செய்யும்? நாலு பேரைத் தூது விடும். கோயிலில் கண்டவர் நின்றவரிடமெல்லாம் மூக்கைச் சிந்தும். ஜெர்மனியின் வுப்பர்டாலில், புவனேந்திரன் வீட்டில், பேஸ்போல் பார்க்கிறார்கள்.

சிரிக்கவேண்டாம். போன கிழமை வரை வாசித்தவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று தெரியும். பிந்தி வந்தவர்களுக்கு ஒரு வாய் தேநீர் ஆறுகிற நேரத்துக்குள் சொல்லிவிடலாம்.

புவனேந்திரன் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். இருபத்தாறு வருடம் முழங்காலில் நின்றே சம்பாதித்தவர். வாகனத்தின் இரண்டு பக்கமும் 'புவனேந்திரனும் மகனும்' என்று பெரிய ஜெர்மன் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். மகன் சுலக்சன் பதினான்கு மாதத்துக்கு முன், ஆரோ ஒரு ஜெர்மன்காரியின் குளியலறைக்கு நடுவில், குழைத்த கலவை காயமுதல் எழும்பினான். "உங்கட முழங்காலைப் பாத்துக்கொண்டுதான் வளந்தனான் அப்பா. என்ரயைத் தர ஏலாது" என்றான். போய்விட்டான். இப்போது லைப்சிக்கில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்கிறான்.

அன்றிலிருந்து தகப்பன் அவன் பெயரைச் சொல்வதில்லை. தாய் சந்திரகாந்தி அழைத்தால் அவன் எடுப்பதில்லை. 'அம்மா அழுவா, நானும் அழுவன், பிறகு திரும்பி வந்திடுவன்' என்று தமக்கை சஜிதாவுக்கு ஒரே ஒரு தடவை எழுதினான். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஆள் தவறாமல் நிற்பான். அதுதான் பன்னிரண்டு வீட்டு லீக்.

புவனேந்திரனின் தமையன் இராசலிங்கத்தார் ரொறொன்ரோவில் இருக்கிறார். அவருடைய பிள்ளைகளுக்குப் பேஸ்போல் பைத்தியம். பதினொரு வருடத்துக்கு முன் சொந்தக்காரரை எல்லாம் இழுத்து ஒரு விளையாட்டைத் தொடக்கினார்கள். ரொறொன்ரோவில் ஏழு வீடு, லண்டனில் மூன்று, ஜெர்மனியில் இரண்டு: சஜிதாவும் சுலக்சனும். அமெரிக்காவில் உண்மையாக விளையாடுகிற ஆட்களை வருடா வருடம் மார்ச் மாதத்தில் இவர்கள் ஏலத்தில் எடுப்பார்கள். வீட்டுக்கு இருநூற்றறுபது டொலர், எல்லாம் பொய்க்காசு. வீட்டுக்கு இருபத்துமூன்று ஆள். அங்கே அவன் பந்தை விளாசினால் இங்கே இவர்களுக்குப் புள்ளி. சொந்தக்காரர் சண்டை பிடிக்க ஊர்க்காணி தூரமாகிப் போனதால் அமெரிக்காவில் ஆள் வாங்கிச் சண்டை பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சந்திரகாந்திக்குப் பேஸ்போலில் தலையும் தெரியாது, காலும் தெரியாது. ஆனால் விளையாட்டு நடக்கிற மாதங்களில் தினமும் சஜிதாவைக் கேட்பார்: "தம்பி இண்டைக்கு ஆளை மாத்தினவனோ?"

யாரை இறக்குவது, யாரை இருத்துவது என்று ஒவ்வொரு வீடும் தினமும் மாற்றவேண்டும். சுலக்சன் காலை ஏழுக்கு மாற்றினால் அன்று வேலை. பதினொன்றுக்கு என்றால் லீவு. போன ஓகஸ்டில் நான்கு நாள் மாற்றவே இல்லை. ஐந்தாம் நாள் 'காய்ச்சல்' என்று குழுவில் ஒரு சொல் விழுந்தது. அந்த நான்கு நாளும் மூன்றாம் மாடியில் சந்திரகாந்தியின் குசினியிலிருந்து தாளித்த மணம் வரவில்லை என்பதைக் கட்டிடம் முழுக்க அறியும்.

இப்போது வந்திருக்கிற வில்லங்கம்: போன கிழமை ரொறொன்ரோ ஒரு புதுச் சட்டம் போட்டது. மூன்று வருடம் தொடர்ந்து கடைசியாக வருகிற வீடு கதிரையை விடவேண்டும், குழுவிலிருந்தும் இறங்கவேண்டும். லண்டனில், ஏற்கெனவே ஒரு வீட்டை வைத்திருக்கிற தர்மிகாவின் புருசன் தனக்கென்று அந்தக் கதிரையில் துவாய் போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறான். போன இரண்டு வருடமும் கடைசி யார்? நம்முடைய சஜிதாதான்.

கதிரை போனால், லைப்சிக் தெரிகிற கடைசி ஓட்டையும் அடைபட்டுப் போகும்.

இனிச் சனிக்கிழமைக்கு வருவோம்.

*

காலை ஒன்பது மணிக்குச் சஜிதா குசினி மேசையில் நான்கு தாளை விரித்து வைத்திருந்தாள். காப்புறுதிக் கொம்பனிக்காக, கல்மழை விழுந்த கார்களைத் தடவிப் பார்த்து 'இது இவ்வளவுதான் பெறும்' என்று சொல்லுகிற வேலை அவளுக்கு. கார்க்காரர் அழுதாலும் கத்தினாலும் சொன்ன விலைதான். இரக்கம் என்பது வேலைநேரத்தில் அவளுக்கு இல்லை.

"என்ன பிள்ளை, சோதினையோ?" என்று கேட்டார் சந்திரகாந்தி.

"கட்சருக்கு விலை போடுறன் அம்மா."

"அது ஆர்?"

"எறியிற பந்தைக் குந்தியிருந்து பிடிக்கிறவன். எங்கட விக்கெட் கீப்பர் மாதிரி."

"பிடிக்கிறவனுக்கு என்ன பெரிய விலை?"

"இதைத்தான் பதினொரு வருசமா எல்லாரும் சொல்லுகினம்," என்றாள் சஜிதா, பேனையை நிமிர்த்தி. "கட்சர் ஒழுங்கா அடிக்கமாட்டான், கால் நோகும், கிழமைக்கு ரண்டு நாள் இருத்திப்போடுவாங்கள். அதாலை கடைசியிலை ஒரு டொலருக்கு எடுத்தாச் சரியெண்டு விட்டிடுவினம். நானும் அப்பிடித்தான் விட்டனான். விட்டுத்தான் கடைசியா வந்தனான்."

"இப்ப?"

"அம்மா, முருங்கைக்காய் வாங்க கடைக்குப் போறியள். பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு வீடும் கட்டாயம் ரண்டு கட்டு வாங்கவேணும், வாங்காமல் வரேலாது. கடையிலை கிடக்கிறது இருபத்தஞ்சு கட்டு. அதிலை நாலுதான் பிஞ்சு. மிச்சம் எல்லாம் முத்தல். வெங்காயம், உருளைக்கிழங்கு மலை மாதிரிக் கிடக்குது. நீங்கள் முதல் எங்கை ஓடுவியள்?"

சந்திரகாந்தி ஒரு கணமும் யோசிக்கவில்லை. "முருங்கைக்காய்க்கு. வெங்காயம் எங்கை ஓடப்போகுது?"

"அவ்வளவுதான். மற்றவை எல்லாரும் வெங்காயத்துக்கு அடிபடுகினம்."

பதினொரு வருடமாக ரொறொன்ரோவில் கம்பியூட்டர் படித்த ஏழு வீட்டுக்கும் விளங்காத விஷயம் சந்திரகாந்திக்கு அரை நிமிடத்தில் விளங்கியது. இதை ரொறொன்ரோவுக்கு யாரும் சொல்லவேண்டாம்.

தாளில் முதல் பெயர் மொரண்டே. தாடிக்காரன், இருபத்தேழு வயது, பிடிக்கிறவர்களிலே நன்றாக அடிக்கிறவன். பெயருக்குப் பக்கத்தில் சஜிதா வட்டம் போட்டு '25' என்று எழுதியிருந்தாள். இருபத்தைந்துக்கு மேல் ஒரு டொலரும் இல்லை. கல்மழைக் காருக்குப் போடுகிற மாதிரி இரண்டு கோடும் அடித்திருந்தாள்.

அப்போதுதான் புவனேந்திரன் வேலைச் சப்பாத்தோடு உள்ளே வந்தார். சனிக்கிழமையும் வேலை. மேசையில் சஜிதாவின் போனில் ஓடிய வீடியோவில் மொரண்டே குந்தியிருந்தான். மனிதர் குசினி வாசற்படி தாண்டாமல் நின்று பார்த்தார்.

"இவன் எவ்வளவு நேரம் உப்பிடி இருப்பான்?"

"மூண்டு மணித்தியாலம் அப்பா. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்."

"இன்னும் நாலு வருசம்," என்றார் புவனேந்திரன். "இடது கால்தான் முதல் போகும். எழும்பேக்கை கையை ஊண்டுறான், பார்."

"வேற ஒருத்தனும் முழங்காலைப் பாத்துத்தான் ஏதோ சொன்னவன்," என்றார் சந்திரகாந்தி, அடுப்பைப் பார்த்தபடி.

புவனேந்திரன் திரும்பி வேலைக்குப் போனார். கதவு சாத்திய சத்தத்துக்கு இரண்டாம் மாடிக் கிழவி தும்மலென்று நினைத்து, சுகம் வாழ்த்துகிற 'கெசுண்ட்ஹைட்' சொல்லியிருப்பாள்.

"எனக்கு நாலு வருசம் தேவையில்லை," என்று சஜிதா தாளுக்குச் சொன்னாள். "விளையாட்டு முடியிற செப்டெம்பர் மட்டும் காணும்."

பிறகு, சொல்லாமல் விட்டிருக்கவேண்டிய ஒன்றைச் சொன்னாள். இத்தனை வருடமும் எழுத்தில் நடந்த ஏலம் இந்த முறை வாயால் நடக்கப்போகிறது. பெரியப்பாவுக்குக் கண் ஒப்பரேஷன், திரை தெரியாது. எல்லாரும் குரலில்தான் கேட்கவேண்டும்.

சந்திரகாந்தி அகப்பையை வைத்தார். "அப்ப தம்பி கதைப்பானோ?"

"நம்பர் மட்டும்தான் அம்மா."

"நம்பர் காணும்."

"பக்கத்திலை இருக்கலாம். ஆனா வாய் திறக்கக் கூடாது."

"நான் ஏன் திறக்கிறன்?"

கோயில் திருவிழாவில் ஏலம் போன ஒரு மாம்பழத்தை நூற்றெண்பது ஒய்ரோ வரை ஏற்றிவிட்டு, கடைசியில் தான் எடுக்காமல் நழுவிய மனுசி சொன்ன வார்த்தை இது.

*

ரொறொன்ரோவில் மத்தியானம் பன்னிரண்டு, வுப்பர்டாலில் பின்னேரம் ஐந்து. சந்திரகாந்தி கோயிலுக்குப் போவதுபோலச் சேலை மாற்றி, கதிரையை மகளுக்கு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். திரையில் முகம் இல்லை. பன்னிரண்டு பெயரும் பன்னிரண்டு பச்சைப் புள்ளியும்தான். ஏலம் கூறுகிறவன் நிருஜன், இராசலிங்கத்தாரின் மூத்தவன்.

முதல் இருபது நிமிடம் வெங்காயச் சண்டை. நாற்பது, நாற்பத்தைந்து என்று லண்டன் கத்தியது. பிறகு ஒரு சாதாரண ஆளுக்கு நிருஜன் விலை கூறியபோது, லைப்சிக் என்று எழுதியிருந்த புள்ளி மினுங்கியது.

"மூண்டு."

பதினான்கு மாதத்தில் முதல் சத்தம். சந்திரகாந்தி மேசைவிரிப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டார்.

"தடிமன் பிடிச்சிருக்கு," என்று மகளின் காதுக்குள் சொன்னார்.

"அம்மா, அவன் ஒரு சொல்லுத்தான் சொன்னவன்."

"ஒரு சொல்லு காணும்."

ஒரு மணித்தியாலத்தில் சஜிதா பன்னிரண்டு பேரை எடுத்துவிட்டாள். எல்லாம் தாளில் இருந்த விலைக்கு, சில ஒரு டொலர் குறைய. கட்சர்மாரை ஒருவரும் தொடவில்லை. அதன் பிறகு இராசலிங்கத்தார் தொண்டையைச் செருமினார். இளமையில் கல்லூரி அணியின் விக்கெட் கீப்பராம். அந்தப் பாசத்தில் வருடா வருடம் ஒரு கட்சரைக் கேட்பார். கேட்பது எப்போதும் பத்து டொலர். அவர் கேட்டால் பிறகு யாரும் கேட்பதில்லை. 'சரி பெரியப்பா, எடுங்கோ' என்று பதினொரு வீடும் வாயைப் பொத்தும். எழுதாத சட்டம் அது.

இந்த முறை அவர் சொன்ன பெயர், சஜிதாவின் தாளில் இரண்டாவதாக இருந்தது.

"பத்து," என்றார் இராசலிங்கத்தார்.

"சரி, பத்து, பெரிய..." என்று தொடங்கினாள் லண்டனில் தர்மிகா.

"பதினொண்டு," என்றாள் சஜிதா.

பதினொரு வருடத்தில் பெரியவருக்கு மேல் விழுந்த முதல் விலை.

"ஆர் பிள்ளை அது?"

"சஜிதா, பெரியப்பா."

"எட, புவனேந்திரன்ரை பெட்டையோ? விடன் பிள்ளை. எனக்கு அவனிலை ஒரு விருப்பம்."

"ஏலாது பெரியப்பா. வேணுமெண்டா பன்னிரண்டு கேளுங்கோ, நான் குறை நினைக்கமாட்டன்."

கிழவர் யோசித்தார். பத்துக்கு மேல் கேட்டுப் பழக்கம் இல்லாத மனிதர். "ச்சா, என்னண்டு வளத்திருக்கிறான் என்ரை தம்பி," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பதினொன்றுக்குப் போனது. அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்புத்தானா என்று ரொறொன்ரோவில் இப்போதும் இரண்டு கட்சி இருக்கிறது.

இப்போது சஜிதாவின் கையில் ஐம்பத்தெட்டு டொலர், நிரப்பவேண்டியது பத்து ஆள். மொரண்டேக்கு இருபத்தைந்து, மிச்சம் ஒன்பது பேருக்கு முப்பத்துமூன்று. தாராளம். பேனையை எடுத்து ஆயத்தமானாள். மொரண்டேயின் பெயரை அவள் சொல்லமுதல் வேறு ஒருவன் சொன்னான்.

"மொரண்டே. ரண்டு டொலர்," என்றான் சுலக்சன்.

சஜிதாவுக்குச் சுருக்கென்றது. முருங்கைக்காய்க் கணக்கு அவனுக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் என்ன, சின்ன வயதில் ஒரே மேசையில் ஒரே அழிறப்பரைப் பங்குபோட்டுக் கணக்குச் செய்த பிள்ளைகள்.

மற்ற வீடுகள் எட்டோடு கழன்றன. பிறகு அக்காளும் தம்பியும் தனியாக ஏறினார்கள். பதினான்கு, பதினைந்து. பத்தொன்பது, இருபது. இருவருக்கும் அவசரமில்லை.

"இருபத்தஞ்சு," என்றாள் சஜிதா. இரட்டைக்கோடு.

"இருபத்தாறு."

பேனையை வைத்தாள். விலை விலைதான். தம்பியானாலும் சரி, தாடிக்காரனானாலும் சரி.

"இருபத்தாறு ஒருதரம்," என்றான் நிருஜன். "இருபத்தாறு ரண்டுதரம்..."

"இருபத்தேழு."

அது சஜிதாவின் குரல் அல்ல.

"ஆரது? சித்தியோ?"

"ஓம் நிருஜன். ஏன், நான் கேக்கக் கூடாதோ?"

"கூடாதெண்டு இல்லைச் சித்தி..."

"அம்மா, என்ன செய்யிறியள்!" சஜிதாவின் விரல் ஒலியை நிறுத்துகிற பொத்தானுக்கு மேலே நின்றது. அழுத்தியிருக்கலாம். அழுத்தவில்லை. லைப்சிக்கின் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மினுங்காமல் கிடந்தது. பிறகு மினுங்கியது.

"இருபத்தெட்டு." குரல் மெலிந்திருந்தது.

"இருபத்தொன்பது. தடிமனோ?"

"சித்தி, நம்பர் மட்டும்," என்றான் நிருஜன்.

"நம்பர் சொன்னனான்தானே."

"முப்பது," என்றான் சுலக்சன். கொஞ்சம் பொறுத்து, "ஓம்."

"முப்பத்தொண்டு. மருந்து எடுத்தனியோ?"

"முப்பத்திரண்டு. ஓம்."

"முப்பத்துமூண்டு. பொய்."

லண்டனில் யாரோ பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள்.

"முப்பத்துநாலு. நாளைக்கு எடுக்கிறன்."

"முப்பத்தஞ்சு. ஆர் சமைக்கிறது?"

"முப்பத்தாறு. நான்தான்."

"முப்பத்தேழு. இண்டைக்கு என்ன?"

"முப்பத்தெட்டு. பருப்பு."

"முப்பத்தொன்பது. பருப்பு மட்டுமோ?"

இந்த முறை நேரம் எடுத்தது. நிருஜன் 'ஒருதரம்' சொல்ல மறந்துபோனான்.

"நாப்பது," என்றான் சுலக்சன். "ஓம் அம்மா."

சந்திரகாந்தி வாயைத் திறந்தார். நாற்பதுக்குப் பிறகு என்ன இலக்கம் என்று உலகத்துக்கே தெரியும்; அவருக்கு வரவில்லை. சேலைத் தலைப்பு வாய்க்குப் போய்விட்டது.

சஜிதா தாளைப் பார்த்தாள். பாவம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். இதோடு விட்டால் தப்பலாம். இருபத்தைந்து பெறுகிற ஆளை நாற்பதுக்கு எடுத்த தலையிடி லைப்சிக்குக்கு. கையில் ஐம்பத்தெட்டும் அப்படியே இருக்கும்.

"நாப்பது ஒருதரம்," என்றான் நிருஜன், மெதுவாக. "நாப்பது ரண்டுதரம்..."

"நாப்பத்தொண்டு."

குசினி வாசலில் புவனேந்திரன் நின்றார். காற்சட்டை முழுக்கச் சீமெந்துத் தூள். எப்போது வந்தார், எந்த இலக்கத்திலிருந்து நின்றார், யாருக்கும் தெரியாது.

"ஆர், தம்பியோ?" என்று ரொறொன்ரோவிலிருந்து கேட்டார் இராசலிங்கத்தார்.

"ஓம் அண்ணை."

"யோசிச்சுத்தான் கேட்டனியோ?"

"கேட்டது கேட்டதுதான்."

இப்போது எல்லாரும் லைப்சிக்கைப் பார்த்தார்கள். அவனிடம் காசு கிடந்தது. நாற்பத்திரண்டு என்ன, ஐம்பதும் கேட்கலாம். பெரியவர் கேட்டால் மேலே கேட்பதில்லை என்ற சட்டத்தைத் தமக்கை சற்று முன்தான் முறித்துக் காட்டியும் விட்டாள். சஜிதா உதட்டைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் கெஞ்சினாள். கேளடா. நாப்பத்திரண்டு கேளடா.

"ஒருதரம்." நிருஜன் இழுத்தான். "ரண்டுதரம்." இன்னும் இழுத்தான். லைப்சிக்கின் புள்ளி பச்சையாகவே நின்றது. ஆள் போகவில்லை, ஆனால் வாயும் திறக்கவில்லை. "மூண்டுதரம். வுப்பர்டாலுக்கு."

மரியாதையில் விட்டானா, கோபத்தில் விட்டானா? புவனேந்திரனின் முகத்தைப் பார்த்தால் அதைத்தான் அவரும் யோசிக்கிறார் என்று தெரிந்தது. மனிதர் கை கழுவப் போனார். குழாய்த்தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

*

அழுகிற சாதி அல்ல சஜிதா. தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில் எழுதினாள். பதினேழு டொலர், ஒன்பது ஆள்.

"கடைசிக் கதிரை ரெடி போல கிடக்கு," என்றான் நிருஜன்.

"செப்டெம்பரிலை கதைப்பம் அண்ணா."

அடுத்த ஒரு மணித்தியாலம் அவள் தேநீரும் குடிக்கவில்லை. மற்றவர்கள் காசை முடிக்கும்வரை காத்திருந்து, காசு முடிந்த வீடுகள் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொருவராகப் பொறுக்கினாள். ஒரு டொலருக்குத் தோள் நோவிலிருந்து எழும்பி வருகிற ஒருவன். இரண்டு டொலருக்கு முப்பத்தெட்டு வயதுக் கிழவன். ஐந்து டொலருக்கு, போட்டியே இல்லாமல், எறிகிற ஒருவன். நசுங்கின காருக்கும் ஒரு விலை உண்டு என்று தெரிந்த பிள்ளை அல்லவா.

எல்லாம் முடிந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் வரக்கூடிய புள்ளியைக் கூட்டிப் பார்த்தபோது அவள் பன்னிரண்டில் பதினோராவது. எல்லாம் கைவிட்டுப் போன மாதிரி இல்லை. ஆனால் ஒரு முழங்கால் பிசகினால் பன்னிரண்டாவது.

புட்டு அவிந்து மேசைக்கு வந்த நேரம் போன் முனகியது. லைப்சிக்கிலிருந்து ஆள்மாற்றுக் கோரிக்கை. ஏலம் முடிந்து முக்கால் மணித்தியாலமும் இல்லை.

சஜிதா வாசித்தாள். திரும்ப வாசித்தாள். சுலக்சன் தருவது, நன்றாக அடிக்கிற ஒருவனும் நன்றாக எறிகிற ஒருவனும். கேட்பது மொரண்டே. அவள் மனதுக்குள் கூட்டினாள். பதினொன்று ஆறாகும். கதிரை தப்பும். இது வியாபாரமே அல்ல, ஏணி. தமக்கை விழக்கூடாது என்று அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

விரல் 'சம்மதம்' என்ற பொத்தானுக்குப் போனது. அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் விரல் நின்றது.

"என்னவாம்?" என்றார் சந்திரகாந்தி.

சஜிதா சத்தமாக வாசித்தாள். "'அப்பா எடுத்த ஆள். அப்பாவைக் கேட்டுப்போட்டுச் சொல்லு. திங்கள் மத்தியானம் மட்டும் பாப்பன்.'"

புவனேந்திரன் புட்டுக்குக் குழம்பு ஊற்றுவதை நிறுத்தவில்லை. "என்ன தாறானாம்?"

பெயர் சொல்லவில்லைத்தான். ஆனால் 'தாறானாம்' என்று ஒரு ஆள் அந்த மேசையில் பதினான்கு மாதத்துக்குப் பிறகு வந்து உட்கார்ந்தான்.

சஜிதா விளங்கப்படுத்தினாள். அடிக்கிறவன் எவ்வளவு பெறுவான், எறிகிறவன் எவ்வளவு பெறுவான், கதிரை என்ன ஆகும், எல்லாம். மனிதர் புட்டைக் குழைத்தபடி கேட்டார்.

"காணாது," என்றார்.

"அப்பா! இது நல்ல விலை. நல்ல விலையிலும் கூட. இதுக்கு மேலை கேட்டா அவன் எடுத்துக்கொண்டு போயிடுவான். திங்களுக்குப் பிறகு நான் கடைசிதான். கதிரை போனா..."

"இண்டைக்கு ஓம் எண்டா," என்றார் புவனேந்திரன், கோப்பையைப் பார்த்தபடி, "நாளைக்கு என்னத்தைக் கதைக்கிறது?"

சஜிதா தாயைப் பார்த்தாள். தாய் புட்டுச் சட்டியைப் பார்த்தார். கார்க்காரர் எவ்வளவு கத்தினாலும் விலை மாற்றாத பிள்ளை, கையிலிருந்த நல்ல விலையைக் கீழே வைத்தாள். 'அப்பா காணாதாம். கூட்டித் தா' என்று எழுதி அனுப்பினாள். அனுப்பியபின் விரலை ஊதினாள். புட்டுச் சூடு என்று சொல்லிக்கொண்டாள்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கீழே தொங்குரயில் ஒன்று வளைவெடுத்துப் போனது.

போன் அடித்தது.

சஜிதாவின் போன் அல்ல. சந்திரகாந்தியின் போனும் அல்ல. புவனேந்திரனின் சீமெந்து படிந்த காற்சட்டைப் பைக்குள் அடித்தது. மனிதர் குழம்புக் கையோடு அப்படியே இருந்தார். மற்றக் கையால் போனை வெளியே இழுத்தார். திரையைப் பார்த்தார். எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. மூன்றாம் தரம் அடித்தது.

சந்திரகாந்தி எழும்பி, அவருடைய கோப்பையைத் தள்ளி வைத்து, மேசையில் இடம் செய்தார்.

"எடுங்கோ," என்றார். "விலையை மட்டும் குறைச்சுப்போடாதேங்கோ."